அறுபத்து மூன்றாவது சாவடி

ஜனவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் விடைபெற்றுக்கொண்டன. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மருந்துகளுக்கு நடுவில் நின்றுகொண்டு உன் மாத்திரையை நீயே மறக்கிற ஆள், அதனால் கேட்கிறேன்.

ஒரு சேதி. எல்லைச் சீரமைப்பில் நம் தொகுதியைக் கலைத்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடம், ஒன்பது தேர்தல், நான்கு உறுப்பினர்கள். அதன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடவேண்டும் என்று நகர நூலகத்தில் முடிவு செய்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நில அளவை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அந்தத் தொகுதி பிறந்தது. முதல் வரைபடத்துக்கு மை போட்டவன் நான். போன வருடம் ஓய்விலிருந்தவனைக் கூப்பிட்டுக் கடைசி வரைபடத்தையும் போடச் சொன்னார்கள். பிரசவம் பார்த்ததும் நான், கண்ணை மூடிவிட்டதும் நான் என்று ஆகிவிட்டது.

ஐந்தாவது தேர்தலுக்கு உன் உதவி வேண்டும். ஒன்பது தேர்தலிலும் சேர்த்து நம் தொகுதியில் நின்ற ஒரே பெண் நீதான். அதை நீ சொல்லக் கேட்டு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். செப்டம்பர் கடைசியில் புத்தகம் வெளிவருகிறது. அதற்கு நீ வா. இருபத்தாறு வருடம் ஆகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. நான் நலம். ரத்த அழுத்தம் அடங்கித்தான் இருக்கிறது. மாத்திரையைக் காலையில் பல் விளக்கும் குவளைக்குள் போட்டு வைத்துவிடுகிறேன், மறக்க வழியில்லை. இங்கே குளிர் விட்டபாடில்லை. மருத்துவமனையின் மருந்துப் பிரிவு அடித்தளத்தில் இருப்பதால் எங்களுக்கு வெயில் என்பது கேள்விப்பட்ட விஷயம். தெரு மட்டத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். யார் லேட்டாக ஓடுகிறார்கள் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

புத்தகம் எழுதப் பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஐந்தாவது தேர்தலில் எழுத என்ன இருக்கிறது? நின்றேன், தோற்றேன், கிளம்பினேன். ஒரு வரி போதும். உங்கள் பாணியில் சொன்னால் ஒரு புள்ளி.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. இங்கே ஆள் பற்றாக்குறை.

மேம்பாலம் வந்ததா? நீங்கள் எழுதுகிற கடிதம் எதிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
பாப்பா

*

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். குவளை யோசனை பிரமாதம். உன் அண்ணி அதைக் கேட்டுவிட்டுத் தன் முழங்கால் தைலத்தைச் சீப்புப் பெட்டியில் வைத்தாள். இப்போது வீடே தைலமாக மணக்கிறது.

பாலம் வரவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது. காகிதத்தில் அதன் பெயர் புறநகர்த் தொகுதி. ஆனால் யாரும் அப்படிச் சொன்னதில்லை, கேட்டுத் தொகுதிதான். நடுவில் ரயில் பாதை, பாதையின் மேல் ஒரே ஒரு கேட். கிழக்கே சூளைகளும் தொழிற்சாலைக் குடியிருப்புகளும், மேற்கே நம் தெருவும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். நகரத்துக்கு வேண்டாத எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, ஓட்டு மட்டும் போடுங்கள் என்று கொடுத்தது மாதிரி ஒரு தொகுதி.

முதல் உறுப்பினர் வக்கீல். இரண்டு தடவை ஜெயித்தார். பத்து வருடத்தில் சபையில் ஒரே ஒரு தடவை எழுந்து பேசினார். ஒலிபெருக்கி சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் அந்தப் பேச்சு. அடுத்து சோடா கம்பெனிக்காரர், மூன்று தடவை. மேம்பாலத்துக்கு முதல் அடிக்கல் நாட்டியவர் அவர்தான். பிறகு வந்த ஹெட்மாஸ்டர் இரண்டாவது கல்லை நாட்டினார். கடைசியாகச் சோடாக்காரரின் மருமகன் மூன்றாவதை நாட்டினார். முதல் கல்லில் இப்போது டீக்கடைக்காரர் பால் கேனை வைக்கிறார். பாலம் வராவிட்டாலும் கல் வீண்போகவில்லை.

போன வருடம் நான் போட்ட கடைசி எல்லைக் கோடு அந்த ரயில் பாதை வழியாகத்தான் போகிறது. கிழக்குப் பக்கம் ஒரு தொகுதியோடு, மேற்குப் பக்கம் வேறொன்றோடு. கேட் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. கோடு போட ஒரு மத்தியானம் கூட ஆகவில்லை. மை காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஐந்தாவது தேர்தலுக்கு வந்து நிற்கிறேன். ஒரு வரி போதாது. எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஒரு வாரம் ஜலதோஷம் படுத்தியது. எல்லோருக்கும் மருந்து கொடுக்கிறவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்க ஆள் இல்லை. அது பழகிவிட்டது.

உங்கள் அத்தியாயத்தில் வக்கீலும் சோடாக்காரரும் இருக்கிறார்கள், கேட்டில் நின்ற ஒருவர் கூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் இருந்தேன், உங்களுக்குத் தெரியும். சூளையில் வேலை பார்த்த ஒரு பெண் சீட்டை நீட்டினாள். அவள் கணவருக்கு மூச்சுத்திணறலுக்கான மருந்து. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் பிரிக்காத மருந்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கேட் நாற்பது நிமிஷம் மூடியிருந்ததாம். "இது அவருக்கு வேணாங்க. வேற யாருக்காவது குடுங்க" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் தேர்தலில் நின்றிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சின்னம் கொடுக்கும்போது பெரியவர்கள் எடுத்ததுபோக மிச்சம் மூன்று இருந்தன. நான் சீப்பை எடுத்தேன். வழுக்கைத் தபால்காரர் வீட்டு வாசலில் போய் நின்றதும் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு எதுக்கும்மா சீப்பு? சரி, உனக்காக ஒரு முடி வளக்குறேன்" என்றார். தெருவே சிரித்தது. தெருவே "உனக்குத்தாம்மா" என்றது. நீங்களும் சொன்னீர்கள். இரண்டு வாரம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கேட்டு, ஜெயித்துவிடுவோமோ என்று பயம் கூட வந்தது.

மொத்தம் நானூற்றுப் பதினொன்று. சூளைப் பக்கத்தில்தான் பாதிக்கு மேல். இதை எழுதினால் போதும்.

அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் வலியை மறக்கச் செய்யும், அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா

*

மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் ஜலதோஷம் போனதா? வெந்நீர் கொடுக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அண்ணிக்குப் படித்துக்காட்டவில்லை.

சூளைப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதை அப்படியே சேர்த்துக்கொண்டேன். நூலகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேர்தல் அலுவலகத்தின் ஆவண அறையில் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது தேர்தலின் முடிவுத் தாள்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கரப்பான் மருந்து நெடியில் எனக்குத் தும்மல் வந்துகொண்டே இருக்கிறது. சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று எழுதிய தாள்கள். ஐந்தாவது கட்டில் நம் தெருப் பள்ளிக்கூடத்தின் தாளும் இருந்தது. சாவடி எண் அறுபத்து மூன்று. பதிவான வாக்கு அறுநூற்று எழுபத்தெட்டு. சீப்புக்கு நேராக ஒன்று.

எண்ணிக்கை முடிந்த அன்று சுவரில் ஒட்டியிருந்ததும் இதுதான். நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

கட்டை மூடிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். இந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் தும்மலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்காருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அறுபத்து மூன்றாவது சாவடியைத் தைரியமாக எழுதுங்கள். எனக்கு அந்தத் தாள் மனப்பாடம். அந்த ஒன்றை நான் ஒருநாளும் மறந்ததில்லை. இங்கே வந்த புதிதில் மொழி தெரியாமல், வாங்கிய ரொட்டிக்குப் பேர் தெரியாமல் நின்ற நாட்களில் எல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். அது இருக்கிறதே என்று இருக்கும்.

நான் வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வருடத்துக்கு இரண்டு கடிதமாக இத்தனை வருடம் எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது, உங்களுக்குப் பதவி உயர்வு வந்தது, கிணற்றை மூடியது, எல்லாம் எழுதினீர்கள். 'வா' என்று எழுதியது இந்த ஜனவரியில்தான். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னால் லீவுக்கு எழுதிப்போடுகிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
பாப்பா

*

ஜூன் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுதத் தோன்றவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையும் சுண்ணாம்பு அடித்த கதையாக்கிவிடுவேன்.

நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை.

உன்னிடம் "என் ஓட்டு உனக்குத்தான்" என்றேன். வாக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் போகும்வரை அது நிஜம்தான். அதற்கு முந்தின மாதம் எங்கள் அலுவலகத்துக்கு மேம்பாலத்தின் வரைபட வேலை வந்திருந்தது. நான்தான் போட்டேன். தூண் தூணாக, படி படியாக. சோடாக்காரர் திரும்பவும் வந்தால் மூன்று மாதத்தில் வேலை ஆரம்பம் என்று அதிகாரி சொன்னார். உள்ளே நின்றபோது என் கண்ணுக்கு அந்தப் படம்தான் தெரிந்தது. பாப்பா ஜெயிக்கப் போவதில்லை, அவள் கேட்கிற பாலமாவது வரட்டும் என்று சோடாக்காரருக்குப் போட்டேன். நீ எந்தப் பாலத்துக்காக நின்றாயோ அதற்காகவே உன்னை விட்டேன். இதைவிடக் கேவலமான கணக்கு உண்டா? அவர் ஜெயித்து வந்து கல் ஒன்றை நட்டதோடு சரி.

மறுநாள் அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒன்று. நீ உனக்கே போட்டுக்கொண்ட ஓட்டு. சொந்த அண்ணன் போட்டிருந்தால் இரண்டு. நீயும் அதையேதான் நினைத்திருப்பாய் என்று தெரியும். அந்த மாதமே வேலை தேடிக்கொண்டு கிளம்பினாய். எந்த முகத்தோடு 'வா' என்று எழுதுவேன்? உன் அண்ணியும், நான் வெளியே வந்து சொன்னபடிதான் போட்டிருப்பாள். அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றி நான் பேசியதே இல்லை.

நீ போன கடிதத்தில் 'அந்த ஒன்றை மறந்ததில்லை' என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், எனக்கு வேண்டியதுதான்.

இனி நீ வராவிட்டாலும் கேட்க எனக்கு உரிமை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஆகஸ்டு 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்பதற்கு அப்புறம் போகவில்லை.

அந்த ஒன்று நான் போட்டதில்லை.

அன்றைக்கு நான் ஓட்டே போடவில்லை. சூளைப் பக்கம் சாவடியில் எனக்கு ஏஜெண்டாக உட்கார வேண்டியவர் வரவில்லை. காலையிலிருந்து நானே உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து நம் சாவடிக்கு ஓடி வந்தேன். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் நின்றே விட்டது. பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சுவர் தெரிகிறது. ஓட்டுப்பதிவு முடிகிற ஐந்து மணி அடித்தபோது நான் சூளைப் பக்கம்தான் நின்றேன். கேட்டை ஒழிப்பேன் என்று ஊரெல்லாம் கத்திய வேட்பாளர் கேட்டில் மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடவில்லை என்று தெரிந்தால் சோடாக்காரர் ஆட்கள் ஒரு வருடம் சிரிப்பார்கள். கேட் திறந்ததும் கடைக்குப் போய், வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை எடுத்து விரலில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்களும் அண்ணியும் விரலைக் காட்டினீர்கள். நானும் காட்டினேன்.

அதனால்தான் மறுநாள் அந்தத் தாளில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தெருவே பொய் சொன்னாலும் அண்ணன் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். உங்கள் மேல் கோபமாக நான் கிளம்பவில்லை. சோடாக்காரரை எதிர்த்து நின்றவளைக் கடையில் வைத்துக்கொள்ளப் பயந்தார்கள், வேலை போனது, அதனால் கிளம்பினேன். இங்கே யாராவது ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "எனக்கு ஓட்டுப் போட்ட ஒரு அண்ணன் இருக்கார்" என்பேன். இருபத்தாறு வருடம் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் போடாததை மன்னிக்க எனக்கு ஒரு வாரம் கூட ஆகவில்லை. பாலத்துக்காகத்தானே. ஆனால் அந்த ஒன்றை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருந்தேன். இப்போது அது யாருடையது? அங்கே எனக்கென்று யார் இருந்தார்கள் என்றே தெரியாமல் எந்த வீட்டுக்கு வருவது? லீவுக்கு இன்னும் எழுதவில்லை.

பாப்பா

*

ஆகஸ்டு 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இரு. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். பழைய வாக்காளர் பட்டியலை வாங்கி, நம் சாவடியில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைப் பென்சிலால் வட்டம் போட்டேன். வீடு வீடாகப் போனேன். நீ அன்று ஏறிய படியெல்லாம் நான் இன்று ஏறுகிறேன். வழுக்கைத் தபால்காரருக்கு இப்போது காது கேட்பதில்லை. காதோடு வாய் வைத்துக் கத்தினேன். "நாந்தான் போட்டேன். சத்தியமா நாந்தான்!" என்கிறார். தையல்கடைக்காரரும் தான்தான் என்றார். பால்காரரும் தான்தான் என்றார், முனை வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவும் தான்தான் என்றார். அந்த ஒரே ஓட்டை இதுவரை நாலு பேர் போட்டிருக்கிறார்கள். நாலு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'அறுபத்து மூன்றாவது சாவடியில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாக்கு. அதை அளித்தவர் யார் என்று தெரியவில்லை. இந்நூலை எழுதியவர் அல்ல.' இந்தக் கடைசி வரி எதற்கு என்று நூலகர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

இன்னும் பதினெட்டு வட்டம் பாக்கி இருக்கிறது. தேடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

செப்டம்பர் 1

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணன் சட்டையைத் துவைக்கப் போட்டார். பையில் உன் கடிதம் இருந்தது. படித்தேன். தப்புதான், ஆனால் நனைத்திருந்தால் அதைவிடத் தப்பு.

ஊரெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர். பட்டியலில் அவர் பேருக்கு அடுத்த பேர் என்னுடையது. அதற்கு வட்டம் போடவில்லை.

நான்தான் போட்டேன்.

நமக்குள் ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. என் நல்ல பாத்திரத்தில் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சினாய், அதற்கு ஒரு வாரம் நான் பேசவில்லை. நீயும் ஊரில் எல்லா வாசலிலும் நின்று ஓட்டுக் கேட்டாய், நம் வீட்டுச் சமையலறை வாசலில் மட்டும் நிற்கவில்லை. எனக்கு அது ரோஷமாக இருந்தது. ஆனால் தையல் கம்பெனி வேலைக்கு நான் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டிப் போனவள். ஒரு நாள் வேலை விட்டு வரும்போது கேட்டுப் பக்கம் நீ ஸ்டூலில் ஏறிப் பேசிக்கொண்டிருந்தாய். பின்னால் குடையை இறக்கிப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன். அந்தச் சூளைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த உன் அண்ணன், வரிசையில் நின்ற என்னைச் சோடாக்காரருக்குப் போடச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ச் சீப்பில் குத்தினேன்.

நீ ஓட்டுப் போடவில்லை என்றும் அன்றைக்கே தெரியும். என் கையில் சூடு பட்டபோது நீதானே அந்த ஊதா மருந்தைத் தடவினாய்? எனக்குத் தெரியாதா அந்த நிறம்? எங்கள் விரலில் மை ஒரு மாதம் இருந்தது. உனக்கு மூன்று நாளில் போய்விட்டது. நீ விரலை மறைத்துக்கொண்டே திரிந்தாய்.

நீ கிளம்பிய அன்று உன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தது நான்தான். ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "யாரும் இல்லன்னாலும் எனக்காக அண்ணன் இருக்காரு அண்ணி, அது போதும்" என்றாய். எதை நினைத்துச் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். தோற்ற பிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு போகிறாய், நான் சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவர் உன் கடிதங்களைப் படித்துக்காட்டும்போதெல்லாம் கடைசியில் 'அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று வரும். அவ்வளவுதான் எனக்கு என்று இருக்கும். கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கும் பட்டியலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முழங்கால் பரவாயில்லை. உனக்கு ஜலதோஷம் வந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

அண்ணி

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வேலை இடத்துக்கு வந்தது. அடித்தளத்தில் நின்றபடியே படித்தேன். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்கு எடுத்து நீட்டினேன். நல்ல காலம், அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

உங்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய கடிதங்களை எண்ணிப் பார்த்தேன், அண்ணி. ஐம்பதுக்கு மேல் வருகிறது. எல்லாவற்றையும் இன்னொருவர் பேருக்கு எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு நன்றி சொன்னதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். எப்படி இருந்தீர்கள்? எனக்கு முடிந்திருக்காது. நான் என்றைக்கோ கத்திச் சொல்லியிருப்பேன்.

உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இந்த வார்த்தையை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு வார்த்தை இல்லை. ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று நேற்றுத் தோன்றியது. கண்ணை மூடினால் உங்கள் முதுகுதான் ஞாபகம் வருகிறது, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கிற முதுகு.

அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். பாவம், அந்தப் பதினெட்டு வீட்டையும் ஏறி இறங்க வேண்டாம். புத்தகத்தில் அந்த வரியைத் திருத்த நேரமிருந்தால் திருத்தட்டும்.

மூன்று வாரம் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 26 காலை ரயிலுக்கு இடம் வைத்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் கேட்காமலே உங்கள் ஓட்டை வாங்கியவள் நான். இந்தத் தடவை கேட்டுவிட்டு வருகிறேன். நான் வரட்டுமா அண்ணி?

அன்புடன்,
பாப்பா

*

செப்டம்பர் 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் பட்டியலை மடித்து வைத்தார். அப்புறம், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். "நீங்க கேக்கல" என்றேன். எழுந்து நூலகத்துக்கு ஓடினார். அச்சுக்குப் போய்விட்டதாம். திரும்பி வந்து அதற்கும் அழுகிறார். புத்தகத்தில் எப்படி இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் போதாது. கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு வா.

அண்ணி